மருந்து தந்த சுப்பாராவ்

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய தகர டப்பா இருக்கிறது. முன்பு அதில் பிஸ்கோத்து இருந்தது. இப்பொழுது இரண்டு மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. ஒன்று மெத்தோட்ரெக்ஸேட்; ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. மற்றொன்று ஃபோலிக் அமிலம், செவ்வாய்க்கிழமைக்கு உரியது. இரண்டும் என் அக்காளுடையவை.

விஞ்ஞானம் பயிலும் நண்பர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தென்படும். முதல் மாத்திரை இரண்டாவதன் வேலையைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருக்கொண்டு, அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, உயிரணுவை ஏமாற்றுவது. அப்படி ஏமாற்றுவதால் வரும் கேடுகள் மிகாமல் இருக்க, இரண்டு நாள் கழித்து உண்மையான ஃபோலிக் அமிலத்தையே கொடுக்கிறார்கள். போலியும் அசலும் ஒரே டப்பாவில்! இதைவிட வேடிக்கை, இரண்டுமே ஒரே பரிசோதனைச் சாலையில், ஒரே மனிதரின் தலைமையில் செய்யப்பட்டவை என்பது. அம்மனிதர் சென்னையில், திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பு முடித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் மன்றத்து மலரில் சர் சி. வி. இராமனைப் பற்றியும் இராமானுஜனைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் இவரை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அக்காளுக்கு வயது 26. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை. மாலை வேளையில் இலேசான காய்ச்சல் வந்தது. உடல் இளைத்தது. களைப்பு. மாடியில் துணி உலர்த்தக் கையை உயர்த்தினால் இடக்கை கனத்து வலிக்கும். தாழ்த்திச் சற்று நின்றால் சரியாகிவிடும். தையல் எந்திரத்தின் முன் நாள் முழுதும் குனிந்திருந்தால் கை வலிக்காமல் என்ன செய்யும் என்று அம்மா சொன்னாள். ஒரு மருத்துவர் இரத்தச் சோகை என்றார். மற்றொருவர் மனக் கவலை என்று சொல்லி, விரைவில் கல்யாணத்தை முடிக்கும்படி அப்பாவுக்கு ஆலோசனை வழங்கினார். ஓரிடத்தில் இரத்த அழுத்தக் கருவியை இடக்கையில் கட்டினார்கள், எண் வரவில்லை. கருவி பழுது என்று எண்ணி வலக்கையில் கட்டி, வந்த எண்ணை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கருவி பழுதில்லை. உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்! எட்டு மாதம் கழித்து, வயதான மருத்துவர் ஒருவர் அக்காளின் இரு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். வலக்கையில் நாடி துடித்தது. இடக்கையில் இல்லை.

நாடி பார்ப்பதை ஒரு கலையாக வளர்த்த நாடு நம் நாடு. வாதம், பித்தம், ஐயம் என மூன்று விரலில் மூன்றையும் எண்ணிய சித்த வைத்தியர்கள் வாழ்ந்த மண். நாடி விழுந்துவிட்டது என்றால் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் நம் வீடுகளில் பொருள். நாடியில்லாத கையோடு ஒரு பெண் தையல் எந்திரம் ஓட்டுகிறாள், பேருந்தில் ஏறுகிறாள், கோலம் போடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அத்தகைய நோய் ஒன்று உண்டு. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகாயாசு, இளம் பெண் ஒருத்தியின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் விந்தையாக வளைந்து மாலைபோலச் சூழ்ந்திருப்பதைக் கண்டு 1908-ஆம் ஆண்டில் எழுதினார். அதே போன்ற நோயாளிகளின் மணிக்கட்டில் நாடியே இல்லை என்பதை அவர் நாட்டு மருத்துவர்கள் வேறு இருவர் கவனித்தார்கள். பின்னாளில் அது நாடியற்ற நோய் என்றும், தகாயாசு நோய் என்றும் பெயர் பெற்றது. ஆசிய நாட்டுப் பெண்களை, அதிலும் 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அது மிகுதியாகப் பற்றுகிறது. இந்தியாவில் அது அரிதினும் அரிது என்று சொல்வதற்கில்லை, அறியப்படுவதுதான் அரிது.

இனி சுப்பாராவின் கதைக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில். ஆந்திரர், தெலுங்கு தாய்மொழி. ஆனால் அவரை ஆக்கிய பள்ளியும் கல்லூரிகளும் சென்னையில் இருந்தன. அந்நாளில் பீமவரத்துக்கும் சென்னைக்கும் நடுவே எல்லைக் கோடு இல்லை. தந்தை ஜகன்னாதம் சிறு உத்தியோகத்தில் இருந்தவர். தாய் வெங்கம்மா கண்டிப்பானவர். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. பதின்மூன்று வயதில் சிறுவன் சுப்பாராவ் காசிக்குப் புறப்பட்டு ஓடினான். துறவு பூண அன்று. யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆவதற்கு! தாயார் ஆளை விட்டுத் தேடி, வழியிலேயே பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். படிப்பு அவருக்கு எளிதில் வரவில்லை. மெட்ரிகுலேஷனில் இரு முறை தவறினார். மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். தேர்வில் தவறிய நண்பர்கள் இந்த வரியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாம். முழு வாழ்க்கையையும் பின்பற்றும்படி நான் சொல்ல மாட்டேன்.

மாநிலக் கல்லூரியில் கணிதம் நன்றாக வந்தது. ஆனால் மனம் இராமகிருஷ்ண மடத்தை நாடியது. துறவியாக விரும்பினார். தாயின் சம்மதம் கிடைக்கவில்லை. மருத்துவம் படித்தால் மடத்தின் மருத்துவமனைகளில் தொண்டு செய்யலாமே என்று மடத்தார் வழிகாட்டினார்கள். அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் அறுவைக் கூடத்திலும் கதர் அங்கியோடு நின்றார். அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு ஆங்கிலேயர். அவருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்தும் சுப்பாராவுக்கு எம். பி. பி. எஸ். பட்டம் கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த எல். எம். எஸ். தான் கிடைத்தது. ஒரு முழத் துணிக்கு ஒரு பட்டம் விலை! பின்னாளில் அமெரிக்காவில் மருத்துவமனை வேலை கிடைக்காமல் அவர் அலைந்ததற்கு இந்தத் தாழ்ந்த பட்டமும் ஒரு காரணம்.

அவர் குடும்பத்தில் இதற்கிடையே பெருந்துயர் நேர்ந்தது. குறுகிய கால இடைவெளியில் சகோதரர் இருவர் இறந்தனர். அவர்களுள் மூத்தவரான புருஷோத்தமனைக் கொண்டுசென்றது ஸ்ப்ரூ என்னும் குடல் நோய். உண்ட உணவு உடம்பில் ஒட்டாது, வயிறு ஓயாது போகும், இரத்தம் வற்றும், நாக்கு புண்ணாகும், எலும்பும் தோலுமாய் ஆள் போய்விடுவான். அந்நாளில் அதற்கு மருந்து கிடையாது. சுப்பாராவையும் அந்நோய் பிடித்தது, அவர் தப்பினார். அண்ணனைக் கொன்ற நோய்க்கு மருந்து காண வேண்டுமென்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவே இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். மருந்து கிடைத்தது 25 ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்.

1919-இல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். மருத்துவப் படிப்புக்கு மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி உதவினார். பட்டம் பெற்றதும் சென்னையில் டாக்டர் இலட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். ஆனால் ஆராய்ச்சி வேட்கை தணியவில்லை. மாமனார் பொருளும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிதியின் உதவி உறுதியும் துணை நிற்க, கப்பலேறினார். 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறங்கினார். மனைவி பிறந்த வீட்டில், கருவுற்றிருந்தாள். சில ஆண்டுகளில் திரும்புவதாகப் பேச்சு. அவர் திரும்பவே இல்லை.

நண்பர்களே, நாமெல்லாம் ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள். என் அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து சுவருக்கு வண்ணம் பூசும் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர்; ஒரு கோடை மட்டும் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் அவரும் சொல்லிவிட்டு வந்தாராம். ஆகவே திரும்பாத மனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். ஆனால் சேஷகிரிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது என்பதையும், தந்தை கண்ணால் காணும் முன்பே அது இறந்துவிட்டது என்பதையும், கணவனை அவர் மறுபடி காணவே இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். புகழ்மாலை சூட்டும் கட்டுரைகள் இதைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்து வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். உதவித்தொகை இல்லை. வயிற்றுக்காக இரவு நேரத்தில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் வேலை செய்தார். என்ன வேலை? நோயாளிகளின் மலச் சட்டிகளைக் கழுவுவது, மூத்திரக் கலங்களை எடுப்பது. மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் மருத்துவமனையில் செய்த முதல் அமெரிக்க உத்தியோகம் அது.

பின்பு உயிர் இரசாயனப் பகுதியில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் எளிய முறை ஒன்றை இருவரும் வகுத்து 1925-இல் வெளியிட்டார்கள். ஃபிஸ்கே – சுப்பாராவ் முறை என்று இன்றும் அதற்குப் பெயர். நம் வகுப்பிலும் செய்கிறோம்: மாலிப்டேட்டுக் கரைசலைச் சேர்த்து, அதை ஒடுக்கும் பொருளையும் விட்டால், சோதனைக் குழாயில் நீலம் பரவும், நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸ் அவ்வளவு மிகுதி. முதல் முறை செய்தபோது அந்தப் பெயரில் உள்ள சுப்பாராவ் யாரென்று எனக்குத் தெரியாது. யாரோ வங்காளி என்று எண்ணிக்கொண்டேன்! வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அம்முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் அறியாத பொருள் ஒன்று அகப்பட்டது: பாஸ்போகிரியேட்டின், 1927-இல். தசை சுருங்க ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, கிளைகோஜன் உடைந்து லாக்டிக் அமிலமாவதுதான் விடை என்று நோபல் பரிசு பெற்றோர் சொல்லிக்கொண்டிருந்த காலம். அக்கொள்கை ஆட்டம் கண்டது. 1929-இல் ஏ. டி. பி. என நாம் அன்றாடம் உச்சரிக்கும் அடினோசின் டிரை பாஸ்பேட்டையும் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே கண்டார். பாடநூல்கள் பெரும்பாலும் லோமான் பெயரோடு நின்றுவிடுகின்றன. 1930-இல் டாக்டர் பட்டம். அதற்குப் பின்னும் ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்கவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்கள் சில, வெளியிடப்படாமலே கிடந்து பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன என்றும், ஃபிஸ்கேயின் பொறாமையே அதற்குக் காரணம் என்றும், அதே கூடத்தில் பயின்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கருதினார்.

1940-இல் நியூயார்க்கு மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்றார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். பதினெட்டு ஆண்டு அடைத்து வைத்த வெள்ளம் எட்டே ஆண்டில் பாய்ந்தது.

முதலில் ஃபோலிக் அமிலம். இதன் கதையும் நம் நாட்டில்தான் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், 1928-இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களின் கொடிய இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டுச் சாறு கொடுத்தால் அது தீர்வதைக் கண்டார். சாற்றுக்குள் இருந்த பொருள் எது? அதைப் பிரித்து, உருவம் அறிந்து, செயற்கையாகவும் செய்துவிட்டது சுப்பாராவின் குழு, ஆண்டு 1945. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது வாடியவர்கள் எழுந்தார்கள். அண்ணன் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

அடுத்தது யானைக்கால் நோய். நிணநீர்க் குழாய்களில் புழு குடியேறி, அங்கே அழற்சியை உண்டாக்கி, வடிகாலை அடைத்துவிடுவதால் கால் வீங்குகிறது. அதற்கென 1947-இல் வெளிவந்த ஹெட்ரசான், அதாவது டை எத்தில் கார்பமசின், லெடர்லியின் படைப்பே. அரசாங்கம் வீடு வீடாக வந்து கொடுக்கும் யானைக்கால் தடுப்பு மாத்திரைகளுள் இன்றும் அது ஒன்று. பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து எடுத்த ஆரியோமைசின் என்னும் முதல் டெட்ராசைக்ளின் மருந்தும் அவர் தலைமைக் காலத்ததே. அது 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இவற்றின் நடுவே பிறந்ததுதான் போலி ஃபோலிக் அமிலம். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில இனப் பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் விரைந்து பெருகுவதுபோல் அவருக்குத் தோன்றிற்று. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்? சுப்பாராவின் இரசாயனிகள் அமினோப்டெரின் என்னும் தடைப்பொருளைச் செய்து அனுப்பினார்கள். 1948 சூன் மாதம் ஃபார்பர் முடிவை வெளியிட்டார்: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான், என்றாலும் அதற்கு முன் தற்காலிகமாகக்கூட எவரும் தணித்ததில்லை. அமினோப்டெரினின் மூலக்கூற்றில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் கிடைப்பது மெத்தோட்ரெக்ஸேட். அதுவும் அதே கூடத்தில் அதே நாட்களில் உருவானது. மருந்தகத்தில் நின்றது இது.

1948 ஆகஸ்டு மாதம், ஒரு நாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் எழவில்லை. மாரடைப்பு. வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே இறந்தார்.

அவர் இறந்த மறு மாதம், அதே நாட்டில் மேயோ மருத்துவமனையில், மூட்டழற்சியால் முடங்கிக் கிடந்த பெண் ஒருத்திக்குக் கார்டிசோன் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது; சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். அழற்சி நோய்களின் வரலாற்றில் கார்டிசோன் இனமும் மெத்தோட்ரெக்ஸேட்டும் இரட்டைக் காளைகள். ஆனால் ஒன்று ஊரெல்லாம் மேளதாளத்தோடு வந்தது. மற்றொன்று பின்கட்டு வழியாக மெல்ல வந்தது. 1951-இல் நியூயார்க்கில் குப்னர் என்பவர் அமினோப்டெரினை மூட்டழற்சிக்கும் தோல் செதிள் நோய்க்கும் கொடுத்துப் பயன் கண்டார். கார்டிசோன் புகழில் அது மறைந்துபோயிற்று. கார்டிசோனை நெடுநாள் உண்டால் எலும்பு மெலியும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும் என்று தெரிந்த பின்னரே, மருத்துவர்கள் மறந்ததைத் தேடினார்கள். 1980-களில் மூட்டழற்சிக்கு அது உறுதியாயிற்று. அதன் பின் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்து ஹாஃப்மனும் கூட்டாளிகளும், இரத்தக் குழாய் அழற்சிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கையும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் வெக்னர் நோய்க்கு 1992-இலும், தகாயாசு நோய்க்கு 1994-இலும் அவர்கள் அறிக்கைகள் வந்தன. அக்காளின் தகர டப்பாவுக்குப் பாதை அப்படித்தான் அமைந்தது.

இரத்தக் குழாய் அழற்சி என்பது என்ன? குழாயின் சுவர் வெறும் தோல் அன்று. மூன்று அடுக்குள்ள உயிருள்ள சுவர். நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், எதனாலோ திசைமாறி, அந்தச் சுவருக்குள்ளேயே புகுந்து போர் தொடுக்கின்றன. சுவர் தடித்தால் வழி குறுகும். வழி குறுகினால் அப்பால் உள்ள உறுப்பு பட்டினி கிடக்கும். சுவர் நைந்தால் புடைத்து உப்பும், சிலபோது வெடிக்கும். 1866-இல் ஜெர்மனியில் ஃபிரைபுர்க் நகரில் குஸ்மாலும் மையரும் இதை முதன்முதல் விரிவாக எழுதினார்கள். அவர்கள் கண்ட நோயாளி 27 வயதுத் தையல் தொழிலாளி. (என் அக்காளும் தையல் தொழில்தான், இதில் காரணகாரியம் எதுவும் இல்லை, ஆனால் படித்தபோது உடல் சிலிர்த்தது.) சில வாரங்களில் அவன் இறந்தான். அறுத்துப் பார்த்தால், தமனிகள் நெடுகிலும் மணிமணியாய் முடிச்சுகள்.

எந்தக் குழாய் கெடுகிறதோ அதற்கேற்ப முகம் மாறுவதால்தான் இந்நோய் ஏமாற்றுகிறது. பெருங்குழாய் என்றால் கையில் நாடி குறையும், இரு கைகளின் இரத்த அழுத்தம் வேறுபடும், கழுத்தில் செவிக்குழல் வைத்தால் இரைச்சல் கேட்கும். இளம் வயதிலேயே இரத்த அழுத்தம் கூடியவர்களிடமும் இதைத் தேட வேண்டும். சிறுநீரகத் தமனி குறுகியிருக்கலாம். ஐம்பது வயது கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, நெற்றிப் பொட்டில் வலி, மெல்லும்போது தாடை நோவு என்று வந்தால் அது வேறொரு வகை. நாள் கடத்தினால் பார்வையே போய்விடும். சிறு குழாய் நோயோ தோலில் எழுதிக் காட்டும்: காலில் சிவந்த புள்ளிகள், தடவினால் மேடாகத் தட்டுப்படும், கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாது. கொசுக்கடியாயின் மறையும். சளியில் இரத்தமும் சிறுநீரில் இரத்தமும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. இத்தனைக்கும் பின்னணியில் ஒரே பல்லவி: காரணம் புலப்படாத காய்ச்சல், இளைப்பு, ஓயாத களைப்பு. காசநோயும் இதே பல்லவியைத்தான் பாடும். நம் நாட்டில் மருத்துவர் முதலில் காசத்தைத் தேடுவதில் தவறில்லை. அது இல்லையென்று ஆன பின்னும் அதையே தேடிக்கொண்டிருப்பதுதான் தவறு. அக்காளுக்கு முடிவாக உண்மையைக் காட்டியது குழாய்களின் ஊடுகதிர்ப் படம். இடத் தோள் நோக்கிச் செல்லும் தமனி ஒரு நூலிழையாய்த் தெரிந்தது. ஆனால் படம் எடுக்கச் சொன்னது ஓர் இயந்திரம் அன்று, இரு விரல்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டு எல்லா வகைக்கும் ஏற்றதன்று. சிறுநீரகமும் நுரையீரலும் வேகமாகக் கெடும்போது அதைவிடக் கடுமையான மருந்துகள் வேண்டும். சிறு அளவில் அது எப்படி அழற்சியைத் தணிக்கிறது என்பதற்கு ஃபோலிக் அமிலத் தடை மட்டும் விளக்கமாகாது. உயிரணுவுக்கு வெளியே அடினோசினை அது மிகுவிக்கிறது, அந்த அடினோசின்தான் வெள்ளணுக்களை அடக்குகிறது என்பது இன்று வலுவாக நிற்கும் ஒரு விளக்கம். அடினோசின்! 1929-இல் சுப்பாராவ் தசையிலிருந்து எடுத்த ஏ. டி. பி.யின் முதற்பகுதி அதுவே. அவர் வாழ்ந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பாரோ என்று நான் எண்ணுவதுண்டு.

இம்மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் இங்கே பதிவு செய்கிறேன். இந்நோய்க்கு இது வாரம் ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டியது. முதல் மாதம் நாங்கள் வாங்கிவந்த மருந்து உறையின்மேல், கடைப் பையன் கைப்பழக்கத்தில் நாளொன்றுக்கு ஒன்று என்று எழுதிவிட்டான். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். உறையை நம்பித் திங்கள், செவ்வாய் இரு நாளும் கொடுத்துவிட்டாள். புதன் காலை தற்செயலாக அட்டையை எடுத்துப் பார்த்தேன். அளவு மிகைபட்ட மெத்தோட்ரெக்ஸேட்டு எலும்பு மச்சையை முடக்கும், வாயெல்லாம் புண்ணாக்கும், உயிரையும் கொள்ளும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அன்று ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போன அரை மணி நேரத்தில், எம். எஸ்சி. பட்டத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. நல்ல வேளையாகக் கேடு நேரவில்லை. அதற்குப் பின் டப்பாவின் மூடியில் ஞாயிறு என்றும் செவ்வாய் என்றும் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். இம்மாத்திரை உண்ணும் பெண் கருத்தரிக்கலாகாது; ஈரலையும் இரத்த அணுக்களையும் காலம் தவறாமல் சோதிக்க வேண்டும். திருமணத்தை முடிக்கச் சொன்ன அந்த ஆலோசனையை அப்பா கேட்காமல் விட்டது எவ்வளவு நல்லதாயிற்று!

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995-இல், பிறந்து நூறாண்டு ஆனபோது, இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. பூஞ்சை ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மருந்துக்கு அவர் பெயர் இல்லை. அவரே கூட்டங்களில் முன்வரிசைக்கு வர விரும்பாதவர். கட்டுரைகளில் உடன் உழைத்தவர்களின் பெயரை இட்டுத் தம் பெயரை விட்டுவிடுவார்.

அக்காள் இவ்வாண்டு மறுபடியும் தொழிற்சாலைக்குப் போகிறாள். காய்ச்சல் இல்லை. இடக்கை நாடி திரும்பவில்லை; அடைபட்ட வழிக்குப் பதிலாகச் சிறு கிளைகள் பெருத்து இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன, அதனால் கை வேலை செய்கிறது. இரத்த அழுத்தத்தை வலக்கையில்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறாள். சென்ற வாரம் அவளுக்குச் சுப்பாராவின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, சேஷகிரி பிறகு என்ன ஆனாள் என்று மட்டும் கேட்டாள்.